மலாக்காவுக்குச் சீட்டாடப் போனோம்



சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் வானொலிப் பெட்டியை அணைத்துவிட வேண்டாம். பள்ளி ஆசிரியர்களுக்குப் பேசுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று தாய்மார்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. சம்பள நாள் மாலையில் லயத்துக்குப் பின்னால் சாக்கு விரித்து என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? மூன்று சீட்டு, இருபத்தொன்று, ரம்மி என்று பெயர்தான் மாறும். மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிற கடன் மாறுவதில்லை. பிய்ந்த காலணியோடு வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால், அது தரையைப் பார்க்கும். காரணம் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆனால் சீட்டுக்கட்டு ஒன்று என்றாலும் அதை வைத்து ஆடும் ஆட்டங்கள் பல. அவற்றுள் பிரிட்ஜ் என்னும் ஆட்டத்தைப் பற்றியும், சுவா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நாங்கள் நால்வர் அதை ஆட மலாக்காவுக்குப் போய் வந்த கதையையும் இன்று சொல்லப் போகிறோம். போனவர்கள் நால்வர் என்றோம். உண்மையில் காரில் இருந்தவர்கள் ஐவர். அந்த ஐந்தாமவரைப் பற்றிப் பின்னால் வருகிறோம்.

முதலில் ஆட்டம். நால்வர் உட்கார வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். 52 சீட்டையும் பங்கிட்டால் ஆளுக்கு 13. சீட்டைக் கையில் எடுத்ததும் ஏலம் தொடங்கும். "எங்கள் இருவர் கையையும் சேர்த்தால் இத்தனை பிடி எடுப்போம், இன்ன சாதி துருப்பு" என்று ஒருவருக்கு மேல் ஒருவர் கூறிக்கொண்டே போவார்கள். நால்வரும் ஒரு சீட்டு வீதம் போட்டு, பெரிய சீட்டுக்காரர் நான்கையும் எடுத்துக்கொண்டால் அது ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். துருப்பே வேண்டாம் என்றும் ஏலம் கேட்கலாம். ஏலத்தில் வென்றவர் சொன்ன சொல்லை நிறைவேற்ற வேண்டும். அவருடைய கூட்டாளி தம் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். விரித்த சீட்டு எல்லாருக்கும் தெரியும். மறைந்திருக்கும் மற்றச் சீட்டுகளை, ஏலத்தில் யார் என்ன சொன்னார்கள், எந்தச் சீட்டைப் போட்டார்கள் என்பதை வைத்துக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களைக் கேட்டால், ஆட்டத்தின் சுவை அந்தத் துப்பறிதலில்தான் இருக்கிறது.

ஒருவர் கையில் வரக்கூடிய 13 சீட்டுகள் எத்தனை விதமாக அமையலாம் தெரியுமா? 63,501 கோடியே 35 இலட்சத்து 59 ஆயிரத்து 600 விதங்கள். ஆறாம் வகுப்பில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னால் அரை மணி நேரம் ஓடிவிடும்!

விஸ்ட் என்னும் பழைய ஆங்கில ஆட்டத்திலிருந்து கிளைத்தது இது. இன்றுள்ள புள்ளிமுறையை ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் 1925ஆம் ஆண்டில், பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தின்போது வகுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அது உலகமெங்கும் பரவியது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலாயாவில் அவர்களுக்கென்று கிளப்புகள் இருந்தன. பகலில் டென்னிஸ், இருட்டிய பிறகு பிரிட்ஜ். நம் பாட்டன்மார் அந்தக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள்; தட்டேந்தி நின்றிருப்பார்கள். அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை.

இதிலும் சீட்டு நன்றாக விழுந்தவன்தானே வெல்வான் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வீட்டில் ஆடினால் அப்படித்தான். போட்டிகளில் அதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் பை வைத்த ஒரு தட்டு உண்டு. பங்கிட்ட சீட்டை அதில் வைப்பார்கள். ஆடும்போது போட்ட சீட்டை மேசை நடுவில் கலப்பதில்லை. அவரவர் முன்னாலேயே வைத்துக்கொண்டு, முடிந்ததும் அதே பையில் திரும்பச் செருகிவிட வேண்டும். தட்டு அடுத்த மேசைக்குப் போகும். அங்குள்ளவர்களும் அதே சீட்டை ஆடுவார்கள். ஓர் அணியில் நால்வர் என்றால், இருவர் ஒரு மேசையில் வடக்கு தெற்காக உட்காருவார்கள். மற்ற இருவர் இன்னொரு மேசையில் கிழக்கு மேற்காக உட்காருவார்கள். ஆக, ஒரு மேசையில் நமக்குக் கிடைத்த நல்ல கை, மறு மேசையில் எதிராளிக்குக் கிடைக்கிறது. கடைசியில் இரண்டு மேசைக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "நமக்குக் கை விழவில்லை" என்று சொல்லித் தப்பிக்க இதில் இடமில்லை. 1857ஆம் ஆண்டிலேயே லண்டனில் கேவண்டிஷ் என்ற புனைபெயர் கொண்ட ஆட்ட நிபுணர் விஸ்ட் ஆட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

வெறும் அதிர்ஷ்ட ஆட்டத்துக்கும் திறமை ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் அறிந்திருக்கிறது. இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு 1967ஆம் ஆண்டில் ரம்மி பற்றிய வழக்கு ஒன்று வந்தபோது, ரம்மி பெரும்பாலும் திறமைக்குரிய ஆட்டமே, அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பங்கிடும்போது உள்ளதைப் போன்றதே என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அதற்காகப் பிரிட்ஜில் பணம் வைப்பவரே இல்லை என்று சொல்ல மாட்டோம். உண்டு. பணப்பரிசு தரும் பெரிய போட்டிகளும் உண்டு. கத்தியால் காய்கறியும் நறுக்கலாம், கையையும் அறுத்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் கதை. பயிற்சிக் கல்லூரி விடுதியில் இந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டு வந்தோம் ஆசிரியர்கள் இருவர். தோட்டத்து அலுவலகக் கிராணியார் தம் தந்தையாரிடம் கற்றவர். நான்காமவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட, மூவராகிவிட்டோம். மூவரை வைத்துக்கொண்டு பிரிட்ஜ் ஆடுவது மூன்று காலில் கட்டில் போடுவது போலத்தான்.

அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் ஆடும்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார் என்பது. செம்பனைக் குலை வெட்டுபவர். எல்லாரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும், "சார், அந்த டைமன் ஒன்பதை நீங்க வச்சிருந்திருந்தா கடைசிப் பிடி உங்களுது" என்றார். போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. 52 சீட்டும் யார் கையிலிருந்து எந்த வரிசையில் விழுந்தன என்று ஒப்பிக்கிறார்! பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றவர்.

அந்த நினைவாற்றல் எங்கிருந்து வந்தது என்பதும் தோட்டமறிந்த கதைதான். பல வருடம் ரம்மியில் ஊறியவர். மனைவியின் தோடு லுக்குட்டில் அடகுக்கடைக்குப் போனது, பிறகு மூழ்கியது. ஒரு தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை. அதன் பிறகு அந்த அம்மாள் அவரை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சூடம் ஏற்றி, சத்தியம் வாங்கிவிட்டார். சன்னலுக்கு வெளியே நின்றது அதனால்தான்.

சத்தியத்தின் சொற்கள் என்ன என்பதில் கணவன் மனைவிக்குள் வழக்கு. "காசு வச்சு ஆட மாட்டேன்னுதான் சொன்னேன்" என்பது அண்ணன் கட்சி. "சீட்டைத் தொட மாட்டேன்னு சொன்னது என் காதுல இன்னும் இருக்கு" என்பது அண்ணி கட்சி. பூசாரியிடம் போனார்கள். அவர் கெட்டிக்காரர். "ஆத்தாவுக்குக் குடுத்த வாக்கு, ஆனா சாட்சி நின்னது நீதாம்மா. நீ சரின்னா சரி" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலை அண்ணி பள்ளிக்கே வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சார், அதுல காசு இருக்கா?"

இல்லை என்றோம்.

"அப்ப போட்டிக்குக் கட்டணம்னு எதுக்குக் கட்டுறீங்க? அது பந்தயம் இல்லாம என்ன?"

இந்தக் கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மண்டப வாடகை, தேநீர், கோப்பை வாங்கும் செலவு ஆகியவற்றுக்கு அந்தப் பணம், வென்றாலும் தோற்றாலும் அது திரும்பாது, பரிசு கோப்பை மட்டுமே என்று விளக்கினோம். அச்சிட்ட அறிவிப்பையும் படித்துக் காட்டினோம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானும் வர்றேன். என் கண்ணால பார்க்கணும்."

2004ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறை. கிராணியாரின் பழைய புரோட்டோன் சாகாவில் விடியுமுன் புறப்பட்டோம். அண்ணி முன் இருக்கையில், மடியில் புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு. பின்னால் நாங்கள் மூவர், ஒருவர் முழங்கை ஒருவர் விலாவில். சுவாவிலிருந்து லுக்குட், போர்ட்டிக்சன், பிறகு கடலோரமாகத் தெலுக் கெமாங், பாசிர் பாஞ்சாங். லிங்கியைக் கடந்தால் மலாக்கா மாநிலம். நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். சாலையின் இருபுறமும் பாதித் தூரம் செம்பனைதான். கிராணியார் காரை ஓட்டிக்கொண்டே ஏலக் கேள்விகள் கேட்பார். அண்ணன் பதில் சொல்வார். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஒரு கட்டில் மொத்தம் 40 புள்ளி. பாசிர் பாஞ்சாங் வருவதற்குள் முன் இருக்கையிலிருந்து ஒரு குரல்: "உங்க கையில 14, அவுங்க கையில 11ன்னா, எதிராளுங்களுக்கு 15தானே மிச்சம்?" கிராணியார் காரின் வேகத்தைக் குறைத்து, திரும்பி ஒருமுறை பார்த்தார்.

மலாக்கா சேர்ந்தபோது ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. அண்ணி கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனோம். 1781ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. இந்நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. மலாக்காச் செட்டிகள் என்று சொல்லப்படும் சமூகத்தாருக்கு உரியது. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே அங்கே வணிகம் செய்த தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள்; சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான். அதே தெருவில் சற்றுத் தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதற்கப்பால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். பொய்யாத பிள்ளையார் முன்னால் அண்ணி வெகுநேரம் நின்றார். அண்ணன் எங்களோடு வெளியில் நின்று காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

போட்டி மண்டபத்தில் எங்களை முதலில் திகைக்க வைத்தது அமைதிதான். அத்தனை மேசைகள், அத்தனை மனிதர்கள்; சத்தமே இல்லை. ஏலத்தைக்கூட வாயால் கூறுவதில்லை. ஒவ்வொருவர் அருகிலும் ஒரு சிறு பெட்டியில் ஏலச் சீட்டுகள் இருக்கும். வேண்டியதை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். குரல் ஏற்ற இறக்கத்தால் கூட்டாளிக்குச் சாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. லயத்துச் சாக்கில் இருமலும் கண்சிமிட்டலும் பாதி ஆட்டம் அல்லவா! இங்கே அது பெருங்குற்றம்.

ஆடியவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பணி ஓய்வு பெற்ற மலாய் அதிகாரிகள், சீனப் பாட்டிமார்கள், கண்ணாடியைத் தூக்கித் தூக்கிச் சீட்டைப் பார்க்கும் தாத்தாக்கள். வயது இந்த ஆட்டத்துக்குத் தடையே இல்லை. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் முதன்முறையாகப் பிரிட்ஜையும் சேர்த்தபோது, ஆடவர் இரட்டையரில் தங்கம் வென்றவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இருவரும். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. இந்தோனேசியாவின் பெருஞ்செல்வர் மைக்கேல் பம்பாங் ஹார்த்தோனோ 78 வயதில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

மலாக்கா மண்டபத்துக்குத் திரும்புவோம். அண்ணி பார்வையாளராக இருக்க நடுவரிடம் அனுமதி கேட்டோம். தந்தார். நிபந்தனைகள்: ஒரே நாற்காலி, ஒருவர் கையை மட்டும் பார்க்கலாம், பேசக் கூடாது, முகமும் மாறக் கூடாது. நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அண்ணி தலையாட்டிவிட்டு, கணவருக்குப் பின்னால் அமர்ந்தார். அண்ணனும் கிராணியாரும் ஒரு மேசை. ஆசிரியர்கள் நாங்கள் இருவரும் அடுத்த அறையில் மற்றொரு மேசை.

மூன்றாம் சுற்றில் வந்த ஒரு தட்டை மட்டும் சொல்லிவிடுகிறோம். துருப்பில்லாமல் 9 பிடி எடுப்பதாக அண்ணன் ஏலம் எடுத்தார். இடப்பக்கத்து எதிராளி ஆட்டின் சாதியில் தொடங்கினார். அண்ணன் கையில் ஆட்டின் ஏஸும் இரண்டு சின்னச் சீட்டும். டம்மியில் ஆட்டின் இரண்டே சின்னச் சீட்டுகள். ஏஸைப் போட்டால் அந்தப் பிடி நிச்சயம். அண்ணன் போடவில்லை; சின்னதைப் போட்டு விட்டுக்கொடுத்தார். எதிராளிகள் மீண்டும் ஆட்டினில் வந்தார்கள். மீண்டும் சின்னது. மூன்றாம் முறைதான் ஏஸ் வெளியே வந்தது.

பழைய அண்ணனாக இருந்தால் பெரிய சீட்டைக் கண்டதும் சாக்கில் ஓங்கி அறைந்திருப்பார். அதைப் பல தடவை பார்த்தவர் அண்ணி. கையில் ஏஸை வைத்துக்கொண்டு இரண்டு பிடியை விடுகிறாரே, இந்த மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டதாம். முகம் மாறக் கூடாதே! முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாராம்.

அண்ணன் போட்ட கணக்கு இதுதான். ஆட்டின் 13இல் தம்மிடமும் டம்மியிடமும் சேர்த்து 5. மீதி 8. இடப்பக்கத்தாரிடம் 5, வலப்பக்கத்தாரிடம் 3 இருக்கலாம். மூன்று சுற்று ஓடிவிட்டால் வலப்பக்கத்தாரிடம் ஆட்டின் தீர்ந்துவிடும். டைமன் ராஜா வலப்பக்கத்தாரிடம் இருந்து அவருக்கு ஒரு பிடி போனாலும், திரும்ப ஆட்டினில் வர அவர் கையில் சீட்டு இருக்காது. அப்படியே நடந்தது. இரண்டு ஆட்டின், ஒரு டைமன், ஆக மூன்று பிடிதான் போயிற்று. 9 சொன்ன இடத்தில் 10.

அடுத்த அறையில் அதே தட்டு எங்களிடம் வந்தது. அண்ணன் கையிலிருந்த அதே 13 சீட்டு இப்போது எதிராளி கையில். நல்ல உடை உடுத்திய, பழகிய ஆட்டக்காரர். அவரும் அதே 9தான் ஏலம் எடுத்தார். நாங்களும் ஆட்டினில்தான் தொடங்கினோம். அவர் முதல் சுற்றிலேயே ஏஸை எடுத்தார். பிறகு டைமன் ராஜா வழியாக ஆட்டம் எங்கள் கைக்கு வந்ததும் திரும்ப ஆட்டின். நான்கு ஆட்டின் பிடிகளையும் எடுத்தோம். அவருக்குக் கிடைத்தது 8, ஒன்று குறைவு. அண்ணன் மேசையில் எங்களுக்கு 430, எங்கள் மேசையில் 50. ஒரே தட்டில் 480 புள்ளி வித்தியாசம். அண்ணன் மேசையில் எதிராளியாக இருந்த சீனப் பாட்டி, சீட்டைத் தட்டில் செருகிவிட்டு, "பாகுஸ், பாகுஸ்" என்று தலையை ஆட்டினாராம். பிறகு அண்ணனின் கையைப் பார்த்து, அதிலிருந்த காய்ப்பைக் காட்டி என்ன வேலை என்று மலாயில் கேட்டாராம். செம்பனை என்றாராம் அண்ணன். பாட்டி, தம் தகப்பனாரும் ரப்பர் சீவியவர்தான் என்றாராம்.

கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாலையில் பட்டியல் ஒட்டியபோது நடுவுக்குச் சற்றுக் கீழே இருந்தோம். பலமான அணிகளிடம் பிற்பகலில் நன்றாக அடி வாங்கினோம். அதில் குறைப்பட எதுவும் இல்லை. வருடக்கணக்காக ஆடுபவர்கள் அவர்கள்.

திரும்பும் வழியில் தெலுக் கெமாங்கில் காரை நிறுத்தி, மிச்சமிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். கடல் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி கையைக் கழுவிக்கொண்டே, "அந்த ஆட்டின் ஏஸை ஏன் ரெண்டு தடவை வச்சிக்கிட்டீங்க?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர் கணவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அண்ணன் காரின் முன்மூடியில் சீட்டை விரித்து, நான்கு கையையும் நினைவிலிருந்தே அடுக்கி, முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். "இருட்டுது, போகணும்" என்று கிராணியார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் கார் விளக்கைப் போட்டுக்கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணி கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் சாட்சி சொன்னார்: காலையிலிருந்து மாலைவரை கூடவே இருந்தேன், ஒரு காசு கைமாறவில்லை. பூசாரி கேட்டாராம், "அப்ப அவரை இனிமே விட்றதுதானே?" அதற்கு அண்ணி, "அவரைத் தனியா விட்றதா? கிராணியாருக்குக் கண் சரியாத் தெரியலே. அடுத்த தடவை எதிர்ல நான் உட்காரப் போறேன்" என்றாராம்.